பட்டினி ஃபைல்

காலையில் பழுதான டேப்லெட் கணினிகள் அடுக்கிய முதல் தட்டு வந்து இறங்கும்போதே அது குளிரறையிலிருந்து வந்ததா, வெளிக் கிடங்கிலிருந்து வந்ததா என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிடும். குளிரறை டேப்லெட்டுகளின் கண்ணாடி வியர்த்திருக்கும். மேசையில் வைத்த சற்று நேரத்துக்கெல்லாம் அடியில் தண்ணீர் தேங்கும். அதற்கென்றே ஒவ்வொரு மேசையிலும் ஒரு பழைய துண்டு மடித்துப் போட்டிருந்தது. டாக்டரம்மா தன் துண்டை உதறி விரித்தாள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து, பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஒரே பிடியில் அழுத்திக்கொண்டு, மறு கையால் கேபிளைச் சொருகினாள். திரையில் மெல்லிய கோடு ஒன்று தோன்றி இடமிருந்து வலமாக ஊர ஆரம்பித்தது. ஊரட்டும் என்று விட்டுவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்தாள்.

அவள் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. செத்த டேப்லெட்டுகளை எழுப்பி உட்கார வைக்கிறவள் என்பதால் பக்கத்து மேசைக்காரர் வைத்த பேர் அது. அவருக்கும் ஒரு பேர் உண்டு, கண்ணாடிக்காரர். ஒரு கண்ணாடி மூக்கில் இருக்கும், இன்னொன்று நெற்றியில் ஏறியிருக்கும், இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார்.

"என்ன டாக்டரம்மா, பேஷண்ட்டுக்கு மூச்சு வந்துச்சா?"

"வந்துரும்ணே. கொஞ்சம் சண்டித்தனம் பண்ணுது."

கிடங்கில் வேலை செய்கிற ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு டேப்லெட் வாரில் தொங்கும். எந்த அலமாரியில் எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று அதுதான் சொல்லும். எடுத்த பிறகு அடுத்தது என்னவென்று அதுதான் சொல்லும். கதவுகளும் அதன் சொல் கேட்டுத்தான் திறக்கும், மூடும். அதன் உள்ளே இருக்கிற சிஸ்டத்தை மேல்மாடி ஆபீசிலிருந்து அடிக்கடி மாற்றுவார்கள். மாற்றுகிற வேலை பாதியில் நின்றுபோனால் டேப்லெட் பழையதாகவும் இருக்காது, புதியதாகவும் ஆகாது. கம்பெனியின் சின்னம் திரையில் வரும், அணையும், மறுபடி வரும். அந்த நிலையில் வருவதை எல்லாம் துடைத்து, புதிதாக சிஸ்டம் ஏற்றி, ஓடவிட்டு அனுப்புவதுதான் அடித்தளத்தில் இருந்த இந்த ஜன்னல் இல்லாத அறையின் வேலை.

குளிரறை டேப்லெட்டுகளிடம் ஒரு தொல்லை இருந்தது. சிஸ்டத்தை ஏற்றுவதற்கு முன் அது இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளும். சார்ஜ் போதுமா? உடம்பு ரொம்பக் குளிர்ந்திருக்கிறதா? இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் பிறகு முயலவும் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். குளிரிலிருந்து வந்தது மேசையில் கிடந்து சூடேறும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சாயந்திரம் தட்டு காலியாகாவிட்டால் சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்று வாட்சைப் பார்ப்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். அதற்குத் திட்டினாலே தேவலை என்று இருக்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் டாக்டரம்மா பொறுமை இழந்து, சிஸ்டத்தை ஏற்றுகிற ஃபைலைத் திறந்து பார்த்தாள். கேள்வி கேட்கும் இடம் எளிதாகவே கிடைத்தது. இரண்டு கேள்விகளையும் எடுத்தெறிந்தாள். மேசையில் கேபிள் சொருகித்தானே ஏற்றுகிறோம், மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது, பேட்டரி பட்டினி கிடந்தால் நமக்கென்ன என்பது அவள் கணக்கு. கணக்கில் தப்பும் இல்லை. சிரிப்புக்காக அந்த ஃபைலுக்குப் பட்டினி என்று பேர் வைத்தாள். அன்று முதல் தட்டுகள் மத்தியானத்திலேயே காலியாக ஆரம்பித்தன. அறை முழுக்க அதையே பயன்படுத்தியது. சூப்பர்வைசர் தன் கையாலேயே அவளுக்கு டீ கொண்டுவந்து வைத்தார். மேலே காட்ட வேண்டும் என்று ஃபைலை ஒரு பிரதி எடுத்துக்கொண்டும் போனார். அவளுக்கு அன்று ஒரு சுற்று பெருத்துவிட்டது போல இருந்தது.

*

அறைக்கு வெளியே கீச்சென்ற சத்தம் கேட்டது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

சக்கரம் வைத்த மஞ்சள் வாளியைத் தள்ளிக்கொண்டு அறை துடைக்கிறவள் வந்தாள். வாளியின் ஒரு சக்கரம் நெடுநாளாகவே அப்படித்தான் கத்தும். எண்ணெய் விடுகிறேன் என்று கண்ணாடிக்காரர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார், அவளும் அதற்குள் உங்கள் கண்ணாடி கிடைத்துவிடும் என்று வாயாடுவாள். போன மாதத்திலிருந்து அந்தப் பேச்செல்லாம் நின்றுவிட்டது. அவள் புருஷன் குளிரறைக்குள் செத்துப்போனான்.

குளிரறையில் அவனுக்கு விசில் என்று பேர். உள்ளே வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தான் எங்கே நிற்கிறேன் என்று தெரிய எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே பெட்டி எடுப்பான். ஷிப்ட் முடிந்ததும் ஓடாத டேப்லெட்டுகளை அவனே அடித்தளத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பான். தட்டை வைத்துவிட்டு, சார்ஜர்கள் வரிசையாக இருக்கும் பலகைக்கு மேலே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பான்.

"கொஞ்சம் அனல் காட்டிக்கிறேன் டாக்டரம்மா. வீட்டுக்குப் போயி இந்தக் கையோட புள்ளையத் தொட்டா அலறிருவான்."

ஒரு முறை தன் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். முதுகில் ஒரு மஞ்சள் வாத்துப் படம் ஒட்டியிருந்தது.

"பையன் வேலை. மேல பாத்தா கத்துவாங்க. நீங்க பாக்காத மாதிரி இருந்துருங்க."

"நான் எதப் பாத்தேன்?" என்று அவளும் சிரித்தாள்.

குளிரறைக் கதவு டேப்லெட்டில் திற என்று அழுத்தினால்தான் திறக்கும், உள்ளே இருப்பவனுக்கும் அதுதான் வழி. அவசரத்துக்கு என்று கதவுக்குப் பக்கத்தில் உள்சுவரில் ஒரு சிவப்புக் கைப்பிடி உண்டு. அன்று அதற்கு முன்னால் கூரை வரை பெட்டி அடுக்கியிருந்தது. அடுத்த ஷிப்ட்டுக்காரர்கள் கதவைத் திறந்தபோது விசில் வெளியே சரிந்து விழுந்தான். வேலை நேரத்தில் டேப்லெட்டை ஆஃப் பண்ணிவிட்டு ஒதுங்கித் தூங்கியிருக்கிறான், தூக்கத்திலேயே போய்விட்டான் என்று மேல்மாடியில் சொன்னார்கள். தூங்கினவனுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றும் சொன்னார்கள். தூங்குகிறவன் கதவில் சாய்ந்துகொண்டா தூங்குவான், ஒரு கையுறையைக் கழற்றிவிட்டா தூங்குவான் என்று கண்டெடுத்தவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். மேல்மாடிவரைக்கும் அந்தக் குசுகுசுப்பு ஏறவில்லை.

அறை துடைக்கிறவள் குனிந்து மேசைகளுக்கு அடியில் துடைத்துக்கொண்டே வந்தாள். டாக்டரம்மா காலைத் தூக்கிக்கொண்டாள்.

"பையன் ஸ்கூலுக்குப் போறானா?"

"போக மாட்டேங்கிறான்க்கா. உங்கப்பன் தூங்கியே செத்தான்னு பசங்க சொல்றாங்களாம். கொட்டாவி விட்டுக் காட்டுறாங்களாம்." மாப்பைப் பிழிந்தாள். "அவரு தூங்க மாட்டாருக்கா. வீட்லயே படுத்தா புரண்டுக்கிட்டுதான் இருப்பாரு. அந்தப் பொட்டிய ஆஃப் பண்ணவும் மாட்டாரு. பண்ணா அந்த வெளிச்சம் இல்லாம உள்ள இருட்டுல எப்படி நடப்பாரு, சொல்லுங்க?"

டாக்டரம்மா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினாள்.

*

அன்று மத்தியானம் சூப்பர்வைசர் ஒரே ஒரு டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். தட்டு இல்லாமல் அவர் வந்ததே புதிதாக இருந்தது. மேசையில் குப்புற வைத்தார். முதுகில் மஞ்சள் வாத்து.

"இத முதல்ல முடிச்சிருங்கம்மா. விசில் செத்தத விசாரிக்க கவர்ன்மென்ட் ஆபீசர் வர்றாராம். செத்த மெஷினைக் கொண்டு போயி வெச்சா நல்லாவா இருக்கும்? ஓட வெச்சுக் குடுங்க."

"சரி சார்," என்று வாய் தானாகச் சொன்னது.

அவர் போன பிறகு திருப்பினாள். கை பழக்கத்தில் துண்டை எடுத்துவிட்டது. கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோன துண்டு அங்கேயே நின்றது. திரையின் கீழ் மூலையில், ஒரே இடத்தில், விரல் அடையாளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பியிருந்தன. மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. அந்த மூலையில்தான் திற என்கிற பொத்தான் வரும். சிஸ்டம் இல்லாத டேப்லெட்டில் அங்கே ஒன்றும் இருக்காது, வெறும் கறுப்புக் கண்ணாடிதான். கையுறை போட்ட விரலைத் திரை ஏற்றுக்கொள்ளாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

துண்டைக் கீழே வைத்தாள். கேபிளைச் சொருகி, பொத்தான்களைப் பிடித்து, பழுது பார்க்கும் திரைக்குப் போனாள். கடைசியாக என்ன நடந்தது என்பதை அது நாலு வரியில் எழுதி வைத்திருந்தது.

பட்டினி: நிறுவல் தொடங்கியது. சார்ஜ் சோதனை தவிர்க்கப்பட்டது. வெப்பச் சோதனை தவிர்க்கப்பட்டது. மின்சாரம் நின்றது, நிறுவல் முடியவில்லை.

முதல் முறை படித்தபோது அவளுக்கு அது யாரோ எழுதிய வரி போலத்தான் இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது முதல் வார்த்தையிலேயே நின்றாள். பேரைக்கூட மாற்றவில்லை. குளிரறை டேப்லெட்டுகள் புது சிஸ்டத்தை ஏற்க மறுத்துக்கொண்டே இருந்ததால், மறுக்கத் தெரியாத அவளுடைய ஃபைலை மேலேயிருந்து எல்லாவற்றுக்கும் கம்பியில்லாமல் காற்றுவழி அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் வேலை நேரத்தில். குளிரறைக்குள் சுவர் மின்சாரமும் இல்லை, கேபிளும் இல்லை. குளிரில் பேட்டரி பாதி இருப்பதாகக் காட்டும், அடுத்த நொடி படுத்துவிடும். அடித்தளத்தில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். மேலே இருந்து யாரும் இறங்கி வந்து கேட்டதில்லை. உனக்குக் குளிர்கிறதா என்று கேட்க அந்த டேப்லெட்டுக்குள் இருந்த ஒரே வரியை அவள் வெட்டி எறிந்திருந்தாள்.

"என்ன டாக்டரம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி மூக்குக் கண்ணாடியின் மேலேயே மாட்டிக்கொண்டு படித்தார். படித்ததும் இரண்டையும் கழற்றினார்.

"இத யாருகிட்டயும் காட்டாத."

"சூப்பர்வைசர் துடைக்கச் சொல்றாருண்ணே."

"அப்ப துடைச்சிரு. தலைமுழுகிரு. உனக்கெதுக்கு வம்பு?"

அவள் துடைக்கவில்லை. போர்டில் கோளாறு, நாள் பிடிக்கும் என்று சூப்பர்வைசரிடம் பொய் சொன்னாள். இழுப்பறையைக் காலி செய்து, ஒரு சாதாரணச் சார்ஜரைப் பின்பக்க ஓட்டை வழியாக உள்ளே விட்டு, டேப்லெட்டை அதில் மாட்டி மூடினாள். அறைக்குள் யாரும் செல்போன் கொண்டுவரக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். படம் எடுக்க வழியில்லை. வெளியே கொண்டுபோனால் கேட்டில் மணி அடிக்கும். ஆபீசர் வரும் நாளில் அவர் கண்ணுக்கு நேராகக் காட்டுவது ஒன்றுதான் பாக்கி.

சார்ஜ் ஏறியதும் அது உயிர்பிடிக்கப் பார்த்தது. இழுப்பறையின் இடுக்கில் நீல வெளிச்சம் கோடாக வந்தது. அணைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி வந்தது. மற்ற டேப்லெட்டுகள் ஆயிரம் முறை அப்படிச் செய்து அவள் பார்த்திருக்கிறாள். பழுதான ஒன்று திரும்பத் திரும்ப எழப் பார்ப்பதும் விழுவதும் அவளுக்குச் சாப்பாடு போடுகிற விஷயம். இப்போது முழங்காலுக்குப் பக்கத்தில் அந்த வெளிச்சம் வரும்போதெல்லாம் உடம்பு கூசியது. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். தள்ளிப் போட்டாலும் எப்போது வரும் என்று கண் அங்கேயே போனது.

அன்று ராத்திரி வீட்டில் பால் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள். மூடினால் உள்ளே விளக்கு அணையுமா அணையாதா என்று சின்ன வயதில் யோசித்தது நினைவுக்கு வந்தது. காலில் குளிர் இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, கரண்ட் பில்லு யாரு கட்றது?" என்று பெரிய மகள் அவள் குரலிலேயே அவளைப் போலப் பேசிக் காட்டினாள். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். டாக்டரம்மா கதவைச் சாத்தினாள். சாத்தியது சரியாகச் சாத்தியதா என்று இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

*

மறுநாள் வாளிச் சத்தம் வந்தபோது அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அறை துடைக்கிறவள் மேசைக்கு அடியில் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"உள்ள என்னக்கா எரியுது?"

டாக்டரம்மா பொய் தேடினாள். கிடைக்கவில்லை. இழுப்பறையைத் திறந்தாள். வாத்து தெரிகிற மாதிரி டேப்லெட் குப்புறக் கிடந்தது. அறை துடைக்கிறவள் மாப்பை மேசையில் சாய்த்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு விரலால் மட்டும் அந்தப் படத்தைத் தொட்டாள்.

"சூடா இருக்கு," என்றாள்.

"சார்ஜ் ஏறுது. அதான்."

"எடுத்துப் பாக்கலாமா?"

"கண்ணாடி மேல கை வெக்காதம்மா. அதுல அவரு வெரலு இருக்கு."

அவள் இரண்டு பக்கமும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். சின்னம் வந்து அணைந்தது. அந்த வெளிச்சத்தில் மூலையில் இருந்த அழுக்கைப் பார்த்தாள். எதற்கு ஒரே இடத்தில் இருக்கிறது என்று கேட்கவில்லை. அந்த மூலையில்தான் கதவுப் பொத்தான் என்று அவள் புருஷன் வீட்டில் சொல்லியிருப்பான்.

"அவரு ஆஃப் பண்ணல," என்றாள் டாக்டரம்மா. "மேலேருந்து சிஸ்டம் மாத்த அனுப்பியிருக்காங்க. பாதியில நின்னுருச்சு. அவரு அழுத்திக்கிட்டே இருந்திருக்காரு. இது ஓடல."

"இத நீங்க எங்கயும் சொல்லுவீங்களா?"

"ஆபீசர் வர்றப்ப நானே காட்றேன். என் கையால காட்றேன்."

ஃபைல் தன்னுடையது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அறை துடைக்கிறவள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டாள். கை ஈரமாகிவிட்டது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

"பையன்கிட்ட மட்டும் இன்னைக்கே சொல்லிர்றேன்க்கா. ஆஃப் பண்ணலன்னு மட்டும்."

வாளி கீச்சென்று கத்திக்கொண்டே வெளியே போனது. நடை முழுக்க அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அது வாளியாக இல்லை. யாரோ தூரத்தில் சீட்டியடித்துக்கொண்டு போவது போல இருந்தது.

*

ஆபீசர் வருகிற அன்று டாக்டரம்மா எல்லோருக்கும் முன்னால் வந்தாள். இழுப்பறையில் வெளிச்சம் இல்லை. திறந்தாள். டேப்லெட் இல்லை. சார்ஜர் ஒயர் மட்டும் எட்டுப் போட்டு மடித்து, நடுவில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தது. அந்த அறையில் ஒயரை அப்படி மடிக்கிறவர் ஒருவர்தான்.

கண்ணாடிக்காரர் வந்து நாற்காலியில் உட்காரும் வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"நீங்களாண்ணே?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நேத்து நீ கெளம்பின பெறகு சூப்பர்வைசர் வந்தாரும்மா. அதுல யாரு ஃபைல் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்னாரு. அந்த அம்மாவைத்தான் புடிப்பாங்க, கம்பெனிய இல்லன்னாரு. உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"அதனால?"

"அதனால ஓட வெச்சேன். சுத்தமா துடைச்சு, புதுசா ஏத்தி, நல்லா ஓடுதான்னு பாத்துக் குடுத்துட்டேன். உன் பேரு எங்கயும் இல்ல."

"யாருண்ணே உங்களக் கேட்டா?"

"யாரும் கேக்கல," என்றார். ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்து விரலில் சுற்றினார். "நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் பங்குச் சாப்பாட்டில் பாதியை எத்தனையோ நாள் அவள் பக்கம் தள்ளியவர். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இழுப்பறையை மூடினாள். பழக்கதோஷத்தில் கண் அந்த இடுக்குக்கே போய்ப் போய் வந்தது.

குளிரறைக்கு முன்னால் இருந்த நடையில் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். ஆபீசருக்கு ஒரு தடிமனான கோட்டு கொடுத்திருந்தார்கள், கை நீளம் அதிகமாகி விரல் நுனிதான் வெளியே தெரிந்தது. உள்ளே சிவப்புக் கைப்பிடிக்கு முன்னால் இப்போது ஒரு பெட்டிகூட இல்லை என்று குளிரறைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கைப்பிடிக்குப் புது பெயின்ட்கூட அடித்திருந்தார்கள், வாசனை நடை வரைக்கும் இருந்தது. அறை துடைக்கிறவளைச் சொந்தக்காரி என்று கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டபோது வேலையில் இருந்ததால் வாளியோடு வந்து நின்றாள். அவள் கண் டாக்டரம்மாவைத் தேடி, கண்டுபிடித்து, அங்கேயே நின்றது.

சூப்பர்வைசர் டேப்லெட்டை நீட்டினார். கண்ணாடி பளபளவென்று இருந்தது. முதுகில் வாத்து இல்லை, சுரண்டிய இடத்தில் பசை மட்டும் வட்டமாகத் தெரிந்தது. ஆபீசர் பொத்தானை அழுத்தினார். சின்னம் வந்தது, அணையாமல் நின்றது, வணக்கம் என்றது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஆபீசர்.

"எப்பவும் நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஆஃப் பண்ணியிருந்தாரு, அவ்வளவுதான்."

டாக்டரம்மா வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். 

"இல்ல சார். அது ஓடல. பாதியில நின்னுபோயிருந்துச்சு. மேலேருந்து அனுப்பின ஃபைல் குளிருதான்னு பாக்காம ஏத்திருச்சு. அந்தக் கேள்விய எடுத்தது நான். மேசையில வெச்சு ஏத்துறதுக்குன்னு எடுத்தேன். அவங்க அத உள்ள அனுப்பிட்டாங்க. ஃபைல் பேரு பட்டினி."

"பேரே பட்டினியா?" என்றார் ஆபீசர். பின்னால் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

"அது இந்த மெஷின்ல எங்க இருக்கு, காட்டுங்க."

"நேத்து சாயந்திரம் வரைக்கும் இருந்துச்சு சார்."

"இப்ப?"

"துடைச்சாச்சு."

"வேற யாராவது பாத்தீங்களா?"

அவள் கண்ணாடிக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். ஆபீசரும் அவரைப் பார்த்தார். சூப்பர்வைசரும் பார்த்தார். அவர் நெற்றியில் இருந்த கண்ணாடியை எடுத்துச் சட்டையில் தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி தேய்த்தார்.

"எங்கிட்ட வர்றப்ப மெஷின் ஓடிட்டுதான் சார் இருந்துச்சு."

"அந்தம்மா கொஞ்ச நாளா மனசு சரியில்லாம இருக்காங்க சார்," என்று சூப்பர்வைசர் தணிந்த குரலில் சொன்னார். "செத்தவரு சம்சாரமும் அவங்களும் பழக்கம். பாவம்."

டாக்டரம்மா அறை துடைக்கிறவள் பக்கம் திரும்பினாள். அவள் இப்போது இவளைப் பார்க்கவில்லை. நான்தான் எடுத்தேன் என்று சொன்ன இடத்திலேயே அந்தக் கண் இவளை விட்டு விலகிவிட்டது. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவையும் ஒரு தரம் பாத்துருவோம்," என்றார் ஆபீசர். நீளமான கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, விரலை நீட்டி, கீழ் மூலையில் திற என்று இருந்த பச்சைப் பொத்தானை ஒரே ஒரு தடவை தொட்டார்.

கதவு திறந்தது. சத்தமே இல்லாமல், ஒரு ஆள் நுழைகிற அளவு திறந்து, இன்னும் திறந்து, முழுக்கத் திறந்து நின்றது. உள்ளேயிருந்து வெள்ளைப் புகையாகக் குளிர் வெளியே வந்து எல்லோர் காலிலும் படிந்தது. பின்வரிசையில் நின்றவர்கள்கூடக் காலை மாற்றிக்கொண்டார்கள்.

"வேலை செய்யுது," என்றார் ஆபீசர்.

சற்று நேரத்தில் கதவு தானாக மூட ஆரம்பித்தது. அப்போதுதான் கீச்சென்ற சத்தம் கேட்டது. அறை துடைக்கிறவள் வாளியைத் தள்ளிக்கொண்டு வரிசையைத் தாண்டிப் போனாள். யாரும் தடுக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் வாளியைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் தள்ளிவிட்டாள். கதவு வந்து வாளியில் இடித்தது. தண்ணீர் அலம்பி வெளியே சிந்தியது. கதவு கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி வந்து இடித்தது.

"கதவு மூடப்படவில்லை," என்றது ஆபீசர் கையில் இருந்த டேப்லெட். "தடையை அகற்றவும்."

"வாளிய எடும்மா," என்றார் சூப்பர்வைசர்.

அவள் இரண்டு கையாலும் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். சிந்திய தண்ணீர் வாசற்படியின் உள்பக்கம் ஓடி, ஓடிய இடத்திலேயே வெள்ளையாக உறைந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா போய் அவளுக்குப் பக்கத்தில் குந்தி வாளியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, கையைத் தட்டிவிடவும் இல்லை.

"வாளிய எடுங்கம்மா ரெண்டு பேரும். சார் வெயிட் பண்றாரு."

கதவு வந்து இடித்தது. பின்வாங்கியது. வந்து இடித்தது.

"தடையை அகற்றவும்," என்றது டேப்லெட். "தடையை அகற்றவும்."